தேங்காய்ப்பால் இல்லாத இராச்சாப்பாடு

நாட்டில் சண்டை மீண்டும் தொடங்கிய வருடத்தில்தான் என் கணவருக்கு நெஞ்சுவருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து லிங்கநகர் வீட்டுக்குத் திரும்பும்போது, டொக்டர் சொன்னவற்றை மனத்துக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டே ஓட்டோவில் வந்தேன். தேங்காய்ப்பால் கூடாது, பொரியல் கூடாது, கருவாடு கூடாது, உப்பு மட்டாகத்தான். மீனும் கொண்டைக்கடலை, பயறு வகைகளும் கீரையும் நல்லது. அவர் வீட்டுக்குள் நுழைந்து கதிரையில் இருந்த பிறகு, தேங்காய்ப்பால் சொதியும் சம்பலும் இல்லாமல் உயிரோடு இருந்து என்ன செய்கிறது என்றார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்தேன். அவர் இளவயதில் கிரேக்கச் சரக்குக் கப்பல்களில் மாலுமியாக ஓடிவிட்டு, கலியாணத்துக்குப் பிறகு எங்கள் துறைமுகத்திலேயே வேலை எடுத்தவர். அந்த மனிதரை விட்டுக்கொடுக்கிற எண்ணம் எனக்கு இல்லை.

முதல் கிழமை மீனை அவித்தேன், கீரையை அவித்தேன். இரண்டு வாய் வைத்துவிட்டுச் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளினார். வேலைக்குத் திரும்பிய சில நாள்களில், துறைமுக வாசலுக்குப் பக்கத்துத் தேநீர்க்கடையில் அவர் வடையும் எண்ணெயில் பொரித்த ரோல்சும் சாப்பிடுகிறார் என்று தெரிந்துவிட்டது. அன்று சண்டை பிடித்தேன், அழவும் செய்தேன். அழுது முடிந்தபோது, அவர் சிநேகிதரிடம் அடிக்கடி சொல்லும் ஒரு கதை நினைவுக்கு வந்தது. கப்பலில் இருந்த கிரேக்கச் சமையல்காரர் எல்லாவற்றிலும் ஒலிவ் எண்ணெயை ஊற்றுவாராம். அதைச் சாப்பிட்டே வயதான மாலுமிகளும் ஏணியில் விறுவிறுவென்று ஏறுவார்களாம்.

அடுத்த நாள் கச்சேரி விட்டதும் மருந்துக்கடைக்குப் போனேன். எங்கள் ஊரில் ஒலிவ் எண்ணெய் அங்கேதான் கிடைக்கும், குழந்தைகளுக்குப் பூசுகிற சின்னப் போத்தலில். பிள்ளைக்கு எத்தனை மாதம் என்று கடைக்காரர் கேட்டார். சமைக்க என்றேன். உள்ளுக்கும் எடுக்கலாமா என்று கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, இருந்த போத்தல்கள் எல்லாவற்றையும் வாங்கினேன். சோதனைச் சாவடியில் ஒரு சிப்பாய் ஒன்றைத் திறந்து மணந்து பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான். அன்று மீனவர்களைக் கடற்படை கடலுக்குப் போக விட்டிருந்தது. மீன்பிடிக் கிராமமான இறக்கக்கண்டியிலிருந்து பஸ்ஸில் வந்த பாரை மீன் சந்தையில் இருந்தது.

மண்ணெண்ணெய் அடுப்பில் சட்டியை வைத்து, எண்ணெய் சுட்டதும் உள்ளிப்பூண்டைப் போட்டேன். உடனேயே கருகின மணம். முன்னறையிலிருந்து அவர் எழும்பி வந்தார்.

"நீர் உள்ளியைக் கருக்கிப்போட்டீர்."

"அப்ப அந்தக் கிரேக்கன் என்னெண்டு சமைச்சவன்? சொல்லுங்கோ."

"நெருப்பைக் குறையும். முதல்ல வெங்காயம், பிறகு தக்காளி. அது வதங்கி வரேக்கைதான் உள்ளி." கரண்டியை என் கையிலிருந்து வாங்கினார். "தள்ளும், நான் செய்யிறன்."

கருகியதைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்கினார். குழைந்த தக்காளிமேல் மீன் துண்டுகளை அடுக்கி, மிளகைத் தூவி, மூடி வைத்தார். நான் அவித்த கடலையில் வெங்காயமும் வல்லாரையும் அரிந்து போட்டுத் தேசிக்காய் பிழிந்தேன். இடையில் கரண்ட் போய்விட்டது. விளக்கைக் கொளுத்தி, ஊரடங்கு நேரத்துக்கு முன்னமே சாப்பிட இருந்தோம். உப்புக் காணாது என்றார். காணும் என்றேன். பிறகு அவர் சட்டியில் ஒட்டியிருந்த தக்காளியைப் பேக்கரிப் பாண் துண்டால் வழித்துச் சாப்பிட்டார். நான் சிரிப்பை மறைக்க முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் வார்த்தேன்.

எல்லா நாளும் அப்படி இருக்கவில்லை. தடை போட்டுக் கடல் மூடப்பட்டால் கிழமைக்கணக்கில் மீன் இல்லை. கடலையும் முருங்கையிலையும் சுட்ட கத்தரிக்காயும்தான். மருந்துக்கடையில் எண்ணெய் முடிந்தால் நல்லெண்ணெயில் கொஞ்சமாகச் சமைத்தேன். தீபாவளிக்கு ஆட்டிறைச்சி வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். நான் காய்ச்சவில்லை. அன்று முழுக்க என்னோடு கதைக்கவில்லை. பின்னேரம் பசி தாங்காமல் தானே கடலையை அடுப்பில் வைத்தார்.

மாதங்கள் போக, மூச்சு வாங்காமல் துறைமுகத்து மேட்டில் ஏறுகிறேன் என்று ஒரு நாள் வந்து சொன்னார். சண்டை ஓய்ந்து கடல் திறந்தபோது அவர் ஓய்வு பெற்றிருந்தார். விடிய எழும்பிச் சந்தைக்கு நடந்துபோய் மீன் தெரிந்து வாங்குவது அவருடைய வேலையாயிற்று. கச்சேரியால் நான் வரும்போது வெங்காயம் வெட்டி வைத்திருப்பார்.