பசையில்லாமல் நிற்கும் குச்சி

என் அத்தையின் வயலினைக் கெடுத்தவன் நான். பழியை அப்பா ஏற்றுக்கொண்டார். அறுபது ஆண்டுகள் நான் வாய் திறக்கவில்லை.

அப்பா போர்ட் பிளேரில் படகுத் தச்சர். தீவில் யாருடைய வயலின் பழுதானாலும் அவரிடம்தான் வரும். மழைக்கால ஈரத்தில் பசை இளகி, வயலின்களின் விளிம்பு வாய் பிளந்துகொள்ளும். அவருடைய தங்கையான என் அத்தை மெட்ராஸில் இசைக் கல்லூரித் தேர்வுக்குக் கப்பலேற வேண்டிய வாரத்தில் அவளுடையதும் அப்படித் திறந்துகொண்டது. அப்பா அதை ஒட்டி முடித்து, உள்ளே மேல்பலகைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே ஒரு சிறு குச்சியை நிறுத்தினார்.

"இதுக்குப் பசை கிடையாது. தந்தி அழுத்துற அழுத்தத்துலதான் நிக்குது. அது இருக்கிற இடத்துல நேரா நின்னாத்தான் நாதம் வரும். நாலையும் ஒண்ணாத் தளர்த்தினா விழுந்துடும். தொட்டே, தோலை உரிச்சுடுவேன்" என்றார்.

பசையில்லாமல் ஒரு பொருள் நிற்கும் என்பதை என்னால் நம்ப முடியவில்லை. கப்பல் புறப்படும் நாள் காலையில் அப்பாவும் அத்தையும் டிக்கெட்டுக்காகத் துறைமுக அலுவலகம் போயிருந்தபோது நாலு தந்திகளையும் தளர்த்தினேன். உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். அப்பா பொய் சொல்லவில்லை.

வாசலுக்கும் மேசைக்குமாக ஓடினேன். கம்பியை வளைத்து மேல்பலகைத் துளை வழியே குச்சியைப் பிடித்தேன், நழுவியது. மறுபடி பிடித்தேன்; மறுபடி நழுவியது. கடைசியில் படகுப் பசையை அதன் இரு முனையிலும் அப்பி, எட்டிய இடத்தில் சாய்வாக ஒட்டினேன். இனி ஜென்மத்துக்கும் விழாது என்று கொஞ்சம் பெருமைகூட வந்தது. தந்திகளை முறுக்கிப் பெட்டியை மூடினேன். அவர்கள் வந்துவிட்டார்கள்.

"இருண்ணே, ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துடறேன்" என்றாள் அத்தை.

"நேத்து பூரா வாசிச்சியே, போதாதா? ஜல்தி, ஜல்தி! கப்பல் என்ன உன் மாமியாரா, நீ வர்ற வரைக்கும் முறைச்சுக்கிட்டு நிக்க?"

அத்தை சிரித்துக்கொண்டே போனாள். அடுத்த கப்பலில் திரும்பி வந்து பெட்டியை அப்பாவின் காலடியில் வைத்தாள்.

"தகர டப்பாவைத் தட்டின மாதிரி இருந்துச்சு. பாதியிலேயே போதும்னுட்டாங்க. ஓட்டைப் படகுக்குப் பட்டி பார்க்கிற கைகிட்ட கொடுத்தேனே, நான் பாகல், சுத்தப் பைத்தியம்!"

அப்பா துளைக்குள் சின்னக் கண்ணாடியை விட்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா. என் கைதான் தப்பு."

தப்பித்தோம் என்று நான் கடற்கரைக்கு ஓடினேன். மறுபடி சரிசெய்து தருவதாக அப்பா கெஞ்சியும் கேட்காமல், அத்தை வயலினைத் தூக்கிக்கொண்டு போனாள். பின்னாளில் ஹட் பே என்ற ஊருக்குக் கல்யாணமாகிப் போனவள், அண்ணன் இறந்தபோதும் வரவில்லை. ஒரு பிள்ளையின் மானத்தைக் காப்பதற்கு அப்பா தன் ஒரே தங்கையை விலையாகக் கொடுத்திருந்தார். எனக்கு அப்போது அது நல்ல அதிர்ஷ்டமாக மட்டுமே தெரிந்தது.

போன வருடம், போர்ட் பிளேரை ஒட்டிய கராச்சர்மாவில் மகன் வீட்டில் இருக்கும் அத்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் பரணைக் காட்டினாள். அங்கே கிடந்த வயலினை இறக்கிச் சென்னைக்குக் கொண்டுபோனேன். அங்கே பழுது பார்ப்பவர் குச்சியைப் பெயர்த்தபோது பலகையில் ஒரு சில்லும் கூடவே வந்தது. அதற்கு ஒட்டுப்போட்டு, புதுக்குச்சி நிறுத்திக் கொடுத்தார்.

அத்தையின் மடியில் வைத்தேன். விரல்கள் மடங்காத கையால் ஒரு தந்தியைச் சுண்டினாள். நன்றாகவே ஒலித்தது.

"அண்ணனுக்கு அன்னிக்கே தெரியும், இல்லடா?"

"தெரியும் அத்தை."

"அவர்மேல இருந்த கோபத்தோட நான் நல்லாத்தான் இருந்தேன். இப்ப இதைச் சொல்லிட்டியே, நான் யார்கிட்ட போய் மன்னிப்புக் கேட்க?"

ஞாயிறுதோறும் பஸ் ஏறிப் போகிறேன். கதவைத் திறந்து, டீ கொடுத்து, எதிரே உட்காருகிறாள். அந்தக் கேள்விக்குப் பிறகு என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.