கங்கம்மா குடத்தில் தங்கிய மண்

கன்னையா எங்கள் அணைக்கு லஸ்கர். மதகு திறப்பது, மூடுவது, அளவுக்கல்லில் தண்ணீர் எத்தனை அடி என்று பார்ப்பது, கரையில் எலி வளை கண்டால் அடைப்பது. இருபத்தாறு வருஷமாக இதுதான் அவர் உத்தியோகம். நகரிக்கு மேற்கே இரண்டு குன்றுகளுக்கு நடுவில், தாது வருஷப் பஞ்சத்தில் கூலி ஜனங்கள் மண் சுமந்து போட்ட கரை அது. எண்பது வயசு தாண்டிவிட்டது. "கரை எனக்குப் பெரியப்பா முறை. இருமினா எனக்குக் கேக்கும்" என்பார் கன்னையா.

கரைக்குக் கீழே கங்கம்மா கோயில். கோயிலுக்குப் பின்னால் கரையின் அடியில் கல்லிடுக்கில் தண்ணீர் கசிந்து வரும். அதை அம்மன் ஊற்று என்போம். வெள்ளிக்கிழமை அபிஷேகத்துக்கு அந்தத் தண்ணீர்தான். கன்னையா குளித்து நெற்றிக்கு இட்டுக்கொண்டு போய், ஊற்றின் கீழே செம்பை வைத்து, "கங்கம்மா தாயே" என்று சொல்ல ஆரம்பிப்பார். அணை நிறைந்திருக்கும் மாதங்களில் நூற்றெட்டு சொல்லி முடிக்க, செம்பு நிறையும். அஞ்சாறு முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான்.

திருத்தணி மெட்ராஸுக்கு, சத்தியவேடு ஆந்திராவுக்கு என்று எல்லை முடிவாகி, எங்கள் அணை ஆந்திராவிலேயே நின்ற வருஷம். சித்திரை ஜாத்திரைக்கு முன்னால் பூசாரி வேதாச்சலம் ஊற்றைக் காட்டி, "அம்மாவுக்கு மூச்சு முட்டுது பாரு கன்னையா. இந்தக் குப்பைய எட்து போடு" என்றார். கன்னையா பக்தியோடு குனிந்து நாலு கூடை சல்லியும் மணலும் வாரி வெளியே போட்டார். அழகாக ஒரு கல்தொட்டி கட்டினார்.

ஐப்பசியில் அணை நிறைந்தது. செம்பு நாற்பதுக்கே நிறைந்துவிட்டது. ஊரே வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கன்னையாவுக்கு மட்டும் சோறு இறங்கவில்லை. தண்ணீர் பார்வைக்குத் தெளிவுதான். ஆனால் ஒரு ராத்திரி தங்கினால் செம்பின் அடியில் மாவு போலச் செம்மண். கரையின் மண். கரையே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போகிறதோ என்று பயந்தார். கீழே நாற்பது வீடு இருக்கிறது.

மனைவி லட்சுமம்மாவிடம் சொன்னார்.

"கல்லை எட்தது யாருன்னு கேட்டா இன்னா சொல்லுவ?" என்றாள் அவள். "ஏற்கெனவே தெலுங்கு எழுதத் தெரிஞ்ச ஆளா தேடிக்கினு கீறாங்க. உன் வாயாலயே வேலைய குடுத்துட்டு வரப்போறியா? ரெண்டு வருஷம் வாய மூடிக்கினு இரு, பென்ஷன் வரும்."

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, சித்தூரிலிருந்து நாகபூஷணம் என்ற இஞ்சினீர் ஜீப்பில் வந்தார். பழைய அணை, ஸ்திரமாக இருக்கிறதா என்று பார்த்து எழுத வேண்டுமாம். பழைய ரிஜிஸ்டர் ஒன்றுகூட அவர் கையில் இல்லை. எல்லைப் பிரிவினையில் மூட்டை எந்த ஊருக்குப் போனதோ தெரியாது. கரை மேல் கோடியிலிருந்து கோடி நடந்தார். கற்களைத் தட்டினார். மதகை ஏற்றி இறக்கச் சொன்னார். கடைசியில் ஊற்றுக்கு வந்தார். துரை வருகிறார் என்று பூசாரி விடியற்காலையிலேயே தொட்டியைத் தேய்த்துக் கழுவிப் பூ மிதக்க விட்டிருந்தார்.

"கசிவு எப்பவும் இவ்ளோதானா?"

"எப்பவும் இப்படித்தான் சார். அம்மா கடாட்சம்" என்றார் பூசாரி.

"பாகுந்தி, நல்லாயிருக்கு" என்று நோட்டில் எழுதிக்கொண்டு இஞ்சினீர் ஜீப்பை நோக்கி நடந்தார்.

கன்னையா கோயில் முன்னால் வந்து அம்மனைக் கும்பிட்டார். அப்போதுதான் உள்ளே இருந்த அபிஷேகக் குடம் கண்ணில் பட்டது. அதை வெள்ளிக்கிழமை காலையில்தான் புளி போட்டுத் தேய்ப்பார்கள். போன வாரத்துத் தண்ணீர் அதில் இன்னும் இருந்தது.

குளிக்காமல் அதைத் தொடக்கூடாதே என்று அணையில் ஒரு முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு உள்ளே போய்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்.

"அபிஷேகக் குடத்தை எங்கடா தூக்கினு போற?" என்று பூசாரி பின்னால் கத்தினார்.

ஜீப்பின் முன்னால் நின்று கன்னையா தண்ணீரை மெல்லச் சாய்த்தார். அடியில் ஒரு விரல்கடை செம்மண். "கையை வுட்டுப் பாருங்க தொரே."

இஞ்சினீர் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறியது. "ஏமய்யா இது? தண்ணி ஜாஸ்தியா நிக்கறதாலயா?"

"போன வருஷமும் இதே பதினெட்டடி தான் தொரே. அப்ப செம்பு ரொம்பறதுக்கு நூத்தியெட்டு நாமம் ஆவும். இப்ப நாப்பது. ஊத்து வாய்ல சல்லி இருந்திச்சி. குப்பைன்னு நெனச்சி நாலு கூடை வாரிப் போட்டேன்."

"யார் சொல்லி?"

பூசாரி தரையைப் பார்த்தார். "என் கை தொரே வாரினது" என்றார் கன்னையா.

"அது குப்பை இல்லய்யா. மண்ணைப் பிடிச்சு வெச்சு, தண்ணிய மட்டும் விடறதுக்குப் பெரியவங்க போட்ட வடிகட்டி." இஞ்சினீர் நோட்டில் எழுதியதை அடித்தார். "மதகைத் திற. ஆறடி இறங்கணும்."

சித்தூருக்குத் திரும்பாமல் மூன்று நாள் எங்கள் ஊரிலேயே தங்கினார். முதலில் மணல், மேலே பொடிச்சல்லி, அதன் மேல் பெருங்கல் என்று கூடவே நின்று போடவைத்தார். தொட்டியை இடித்தாயிற்று. ஊர் ஜனங்கள் கூடை சுமந்தார்கள். பூசாரியும் சுமந்தார்.

கிளம்பும்போது, "சல்லிய எடுத்ததுக்கு மெமோ வரும்யா" என்றார் இஞ்சினீர்.

"வரட்டும் தொரே. வேலை?"

"ரிஜிஸ்டரே காணோம். நூத்தியெட்டுன்னு தெரிஞ்ச ஆளை நான் எங்க போய்த் தேடுவேன்? வாரா வாரம் எண்ணிச் சொல்லு. தமிழ்லயே எழுது, பரவால்லே."

மார்கழி மழையில் தண்ணீர் மறுபடி பதினெட்டடிக்கு ஏறியது. அந்த வெள்ளிக்கிழமை ஊற்றில் செம்பை வைத்தார் கன்னையா. பூசாரி பொறுமை இழந்து, "இன்னுமாடா ரொம்பல? தீபாராதனைக்கு நேரமாச்சி" என்றார்.

"தொண்ணூத்தி ஆறு. பேசாத மாமா, எண்ணிக்கை தப்பிடும்."

நூற்றுப் பன்னிரண்டில் செம்பு நிறைந்தது. அபிஷேகத்துக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு மீதியை மூடி வைத்து, மறுநாள் காலையில் வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தார். துணி வெறுமனே நனைந்திருந்தது.

அன்றைக்குத்தான் தபாலில் மெமோவும் வந்தது. லட்சுமம்மா அதை வாங்கி, திட்டாமல், கங்கம்மா படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள்.