‘ழ’ வெட்டும் மெஷின்

என் ஆயுளில் ஒரே ஒரு இயந்திரத்தைத்தான் நானாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அது ‘ழ’ என்ற எழுத்தை அழகாக வெட்டியது, அதனால் வாங்கினேன். நாங்கள் தகரத்தில் வெட்ட வேண்டியிருந்தவை இரண்டு ஊர்ப் பெயர்கள். இரண்டிலும் ‘ழ’ கிடையாது. இந்தச் சின்ன விஷயம் மெஷின் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் எனக்கு உறைத்தது. தமிழில் நிறையப் படித்தவன் என்று ஆபீஸில் எனக்குப் பெயர் இருந்ததையும் கையோடு சொல்லிவிடுகிறேன்.

ஐம்பதுகளின் பிற்பகுதி. கன்டோன்மென்டில் ஒரு சர்க்கார் ஆபீஸில் நான் குமாஸ்தா. ஸ்ரீரங்கத்தில் அக்காவும் அத்தானும் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் என் பெட்டியும் புத்தகங்களும் நானும் இருந்தோம். வாடகை எதுவும் நான் கொடுத்ததாக நினைவில்லை. நிறைய யோசனைகள் கொடுத்திருக்கிறேன்.

அத்தான் பெயின்டர். கடைப் பலகை, வில்வண்டி, லாரியின் பின்புறம் எல்லாம் எழுதுவார். ஸ்கேல் வைக்காமல் எழுதினாலும் வரி கோணாது. ஆனால் நிதானம். ‘ள’ போட்டுவிட்டு, எழுந்து நாலு அடி பின்னால் போய், தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு வந்துதான் அடுத்த எழுத்து. வீட்டில் அடுப்பு எரிகிற வேகத்துக்கு இந்த நிதானம் ஈடுகொடுக்கவில்லை. பம்பாயில் இருந்த அவருடைய அண்ணன், ஒரு மில்லில் தனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்திருப்பதாகவும் தை பிறந்ததும் குடும்பத்தோடு வந்து சேரும்படியும் எழுதியிருந்தார்.

அக்காவுக்குப் போக இஷ்டமில்லை. “பாஷை தெரியாத ஊர்ல போய் நான் யார்கிட்ட பேசறது? எனக்குன்னு இருக்கறது இவன் ஒருத்தன்தான்” என்று, தோசையைத் திருப்பிப் போடுகிற அதே குரலில், ஒரு நாள் அத்தானிடம் சொன்னாள். அந்த ‘இவன்’ அப்போது தோசைக்காகத் தட்டோடு உட்கார்ந்திருந்தான்.

அந்தச் சமயத்தில்தான் துறையூர் லைனில் பஸ் விட்டுக்கொண்டிருந்த ஒரு முதலாளி அத்தானைக் கூப்பிட்டனுப்பினார். அவர் புதிதாகச் சில வண்டிகள் எடுத்திருந்தார். எல்லா வண்டிகளிலும் ஊர் போர்டு ஒரே அச்சாக இருக்க வேண்டும். தகரத்தில் எழுத்துகளை வெட்டியெடுத்த தகடு செய்துகொடுத்தால், ஷெட்டில் கிளீனர்களே அதைப் போர்டின் மேல் வைத்து பிரஷ்ஷால் பெயின்டைக் குத்திக்கொள்வார்கள். தகடு சரியாக அமைந்தால் வண்டிகளின் பெயின்ட் வேலை மொத்தமும் அத்தானுக்கே. வருஷம் முழுக்க வேலை இருக்கும். வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்துக்கு முன்னால் போர்டு தயாராக வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. இந்த வேலை நிலைத்தால் அக்கா ஸ்ரீரங்கத்தில், இல்லையென்றால் பம்பாயில்.

அன்றைக்குத் துணைக்கு நானும் போயிருந்தேன். நான் போகாமல் இருந்திருக்கலாம். முதலாளி, “ஒரு பக்கம் துறையூர், ஒரு பக்கம் திருச்சி” என்றார்.

“திருச்சின்னு சொல்றது பேச்சு வழக்குங்க. போர்டுல திருச்சிராப்பள்ளின்னு முழுசா இருந்தாத்தான் ஊருக்கு மரியாதை” என்றேன் நான். கூடவே ஊர்ப் பெயரின் வரலாறு பற்றி ஒரு சிறு சொற்பொழிவும் ஆற்றினேன். அத்தான் என் காலை மிதித்தார். நான் அதை உற்சாகப்படுத்தலாக எடுத்துக்கொண்டேன்.

முதலாளி தாடையைத் தடவினார். “மத்த பஸ்ல எல்லாம் திருச்சிதானே போட்டிருக்கான்?”

“ஆமாங்க.”

“அப்ப நம்ம வண்டியில முழுசாவே போட்டுடுங்க” என்றார்.

தகடு எதைக் கொண்டு வெட்டுவது என்ற கேள்வி அடுத்து வந்தது. அத்தானுக்கு அதில் குழப்பமே இல்லை. ஓரங்களை நறுக்க ஒரு தகரக் கத்திரி. எழுத்துக்கு, அகலம் மாறுகிற நாலைந்து உளி. தகரத்துக்கு அடியில் வைக்க ஒரு ஈயக் கட்டி. எல்லாம் பெரிய கடை வீதியில் கிடைக்கும். “தட்டித் தட்டி எடுத்துடலாம் மாப்ளே” என்றார்.

எனக்கு அது கற்காலமாகப் பட்டது. உளியால் தட்டினால் தகரத்தின் விளிம்பு நெளியும் என்று சொன்னேன். சொன்னது தப்பில்லை. நெளிந்த விளிம்பை மரச் சுத்தியால் தட்டினால் நேராகிவிடும் என்பது நான் படித்த புத்தகத்தில் இல்லை. லைப்ரரியில் கைத்தொழில் பற்றிய ஒரு பழைய இங்கிலீஷ் புத்தகம் இருந்தது. அதில், காலால் மிதிக்க, நூல் மாதிரி ஒரு ரம்பம் மேலும் கீழும் ஓட, ஒரு வெள்ளைக்காரர் டை கட்டிக்கொண்டு தகட்டில் பூ வெட்டிக்கொண்டிருந்தார். அவர் முகத்திலிருந்த அமைதிதான் என்னைக் கெடுத்தது.

பொன்மலையில் ரயில்வே கார்டாக இருந்து ரிடையர் ஆன ஓர் ஆங்கிலோ இந்தியர், குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போகுமுன் சாமான்களை விற்கிறார் என்று ஆபீஸில் பேச்சு வந்தது. சாமான்களில் அந்த மாதிரி மிதி மெஷினும் ஒன்று. சனிக்கிழமை மத்தியானமே போய் நின்றேன். மனிதர் பிரியமாக வரவேற்று, பிஸ்கட் டின் மூடி ஒன்றில் ஒரு கிளியை வெட்டிக் காட்டினார். கிளிக்கு மூக்கும் வாலும் அப்படி விழுந்தன.

“தமிழ் எழுத்து வருமா?” என்று கேட்டேன்.

“எழுதிக் கொடு மேன், பார்ப்போம்.”

பென்சிலை வாங்கி நான் எழுதினது ‘ழ’. வேறு எதை எழுதுவேன்? உலகத்தில் வேறு எந்தப் பாஷைக்கும் வாய்க்காத எழுத்து, அதை வெட்டிவிட்டால் மிச்சமெல்லாம் பிச்சை என்று கணக்கு. அவர் தகரத்தை இப்படியும் அப்படியும் சுற்றி, சுழியெல்லாம் சுழித்து, கொக்கியெல்லாம் வளைத்து, உள்ளங்கையில் அடங்குகிற ‘ழ’ ஒன்றை எடுத்து நீட்டினார். எனக்குக் கண்ணில் நீர் வராத குறை.

“பட் இது சின்ன வேலைக்குத்தான் மேன்” என்றார். ‘சின்ன’ என்றால் நுணுக்கமான வேலை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டேன். மனிதர் அளவைத்தான் சொல்லியிருக்கிறார். என் சைக்கிளை விற்று மெஷினை வாங்கி, மாட்டு வண்டியில் ஏற்றி, காவிரிப் பாலத்தின் மேல் அதன் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்து வந்தேன்.

அத்தான் அதைச் சுற்றி வந்து பார்த்தார். “சைக்கிள் எங்க மாப்ளே?” என்று மட்டும் கேட்டார். பதில் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் உளி என்ற வார்த்தையையே எடுக்கவில்லை.

துறையூர் சிரமமில்லாமல் முடிந்தது. எழுத்தின் உள்ளே மூடிக்கொள்கிற இடங்கள் பொத்தென்று கழன்று விழாமல் இருக்க, அத்தான் ஆங்காங்கே சின்னப் பிடிப்பு விட்டு வரைந்திருந்தார். தகரத்தில் ஓட்டை போட்டு, ரம்பத்தை அதற்குள் நுழைத்து மாட்டி, மிதிக்க மிதிக்க அது வரியைப் பிடித்துக்கொண்டே போயிற்று. அக்காகூட கைவேலையை விட்டுவிட்டு வந்து பார்த்தாள். “பரவாயில்லையேடா, நீ வாங்கினதுகூட ஓடுதே” என்றாள். அவளிடம் நான் கடைசியாக வாங்கிய பாராட்டு அது.

மறுநாள் திருச்சிராப்பள்ளி. ‘தி’யில் முதல் கோடு நேராக வந்தது.  வளைவுக்காக அத்தான் தகரத்தைச் சுற்றினார், டங் என்று ஒரு சத்தம். இந்த மெஷினில் ரம்பம் நின்ற இடத்தில்தான் ஓடும். தகரத்தைத்தான் அதைச் சுற்றித் திருப்ப வேண்டும். ரம்பத்துக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி அதைத் தாங்குகிற இரும்புக் கால். கிளியும் ‘ழ’வும் துறையூரும் அந்த ஒரு முழத்துக்குள் சுற்றிவிட்டன. ஒன்பது எழுத்துத் தகரத்தின் வால் போய்க் காலில் இடித்தது. மறுமுனையிலிருந்து ஆரம்பித்தோம். ‘ளி’யின் முதல் வளைவிலேயே டங். இரண்டு கோடியிலும் உள்ள எழுத்துகளை எந்தப் பக்கமும் திருப்ப முடியவில்லை.

அத்தான் மிதியிலிருந்து காலை எடுத்தார். “ஊர் திரும்ப மாட்டேங்குது மாப்ளே” என்றார்.

அப்போதாவது ஓடிப்போய் நாலு உளி வாங்கி வந்திருக்கலாம். பெரிய கடை வீதி ஒன்றும் பம்பாயில் இல்லை. இல்லையென்றால் முதலாளியிடம் போய், திருச்சியே போதுங்க என்று சொல்லியிருக்கலாம். ஏழு நாளைக்கு முன் வரலாறு பேசின வாய்க்கு அது வரவில்லை. அதனால் இன்னொரு யோசனை கொடுத்தேன். ஊரை இரண்டாக வெட்டுவோம். ‘திருச்சிராப்’ ஒரு தகடு. ‘பள்ளி’ ஒரு தகடு. முதலில் ஒன்றை வைத்துக் குத்தி, பக்கத்தில் மற்றதை ஒட்டி வைத்துக் குத்தினால் முடிந்தது.

“ரெண்டும் பிரிஞ்சு போயிடாதா?” என்றார் அத்தான்.

“அது எப்படி அத்தான் பிரியும்? இலக்கணப்படியே அங்க ‘ப்’ போட்டுச் சேர்த்திருக்கே” என்றேன். சத்தியமாக இப்படித்தான் சொன்னேன். அவர் என் முகத்தையும், சைக்கிள் நின்றிருந்த காலி மூலையையும் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

தகடுகள் ஷெட்டுக்குப் போயின. ஏகாதசிக்கு முந்தின நாள் அங்கே ஒரே அமளி. ‘திருச்சிராப்’ தகட்டை ஒரு கிளீனர் ஒரு வண்டிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டான். இன்னொருவன் கையில் கிடைத்த தகட்டை வைத்துத் தன் வண்டியின் போர்டில் கனமாகக் குத்தி, காயவைத்து, மாட்டி அனுப்பிவிட்டான். நெற்றியில் ‘பள்ளி’ என்று சிவப்பில் எழுதிக்கொண்டு, பெருமாளைச் சேவிக்கிற கூட்டத்தை ஏற்றிவர அந்த பஸ் துறையூர் போய் நின்றது. பாதிப் பேர் ஏற மறுத்திருக்கிறார்கள். ஏறினவர்கள், “ஏன் கண்டக்டரே, இதுக்கு டிக்கெட்டா, ஃபீஸா?” என்று கேட்டிருக்கிறார்கள். கூட்டத்தைப் பின்னால் வந்த வேறு கம்பெனி வண்டி அள்ளிக்கொண்டு போய்விட்டது.

மறுநாள் நாங்கள் இருவரும் முதலாளி முன்னால் நின்றோம். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“எங்க வீட்டுல மூணு தலைமுறையா எவனும் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்ல. என் பஸ்ஸைப் போக வச்சிட்டீங்களேய்யா” என்றார்.

நான் வாயைத் திறந்தேன். “நீங்க பேசாதீங்க. நீங்க பேசித்தான் இது இவ்வளவு நீளமாச்சு” என்றார். பிறகு அத்தான் பக்கம் திரும்பி, சற்றுத் தணிந்த குரலில், “நீங்க நல்ல வேலைக்காரருங்க. ஆனா இனிமே இது தோதுப்படாது. வேற ஆள் பாத்துட்டேன்” என்றார்.

 வீடு வரும் வழியில் என் மேல் பழி போட அத்தானுக்கு ஒரு வார்த்தை போதும். அந்த வார்த்தையையும் அவர் செலவு செய்யவில்லை. பொங்கல் கழிந்ததும் அண்ணனுக்கு வருகிறேன் என்று எழுதினார். பெரிய ஸ்டேஷனில் ரயிலேற்றிவிடப் போனேன். அக்கா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அரிசி டின்னில் எவ்வளவு இருக்கிறது, ஊறுகாய் எந்த ஜாடி என்றெல்லாம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வண்டி நகர்ந்த பிறகும் உதடு அசைந்துகொண்டிருந்தது. அது எனக்குக் கேட்கவில்லை. அதை இன்னும் யோசிக்கிறேன்.

பம்பாயில் அத்தானுக்கு மில்லில் துணியைப் பேல் பேலாகக் கட்டுகிற வேலை. பிரஷ்ஷைத் தொட நேரமில்லையென்று யாரோ வந்து சொன்னார்கள். மெஷினை நான் ஒரு பழைய இரும்புக் கடையில் போட்டேன். கடைக்காரர் எடைக்கு எடுத்துக்கொண்டார். ‘ழ’ பற்றி அவரிடம் எதுவும் சொல்லவில்லை.

அறுபதுகளின் நடுவில், உறவில் ஒரு கல்யாணத்துக்காக அக்கா மட்டும் வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. இடையிடையே ஓர் இந்தி வார்த்தை விழுந்தது. விழுந்ததும் அவளே திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டாள். சாயங்காலம் இருவரும் காவிரிக் கரையில் அம்மா மண்டபப் படித்துறையில் போய் உட்கார்ந்தோம். வருஷக்கணக்காக மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்ததை அங்கே சொன்னேன். உன்னை ஊரைவிட்டு அனுப்பினது நான்தான் அக்கா. அத்தான் சொன்ன உளியை வாங்கியிருந்தால் நீ இங்கேயே இருந்திருப்பாய். என் படிப்பும் வீம்பும் உன் வீட்டைக் கலைத்துவிட்டன. நீ இல்லாத இந்தத் தெருவில் நடக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு முள். நல்ல தமிழ். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, குரல் கம்மும்படி விட்டு, முழுக்கச் சொல்லி முடித்தேன்.

 அக்கா ஈரமான புடவைத் தலைப்பைப் பிழிந்து உதறினாள்.

“இவ்வளவு அழகா பேசறே. இத்தனை வருஷத்துல ஒரு கார்டு போட்டிருக்கலாமேடா” என்றாள்.