மேல்மாடியில் ஒளித்திருந்த எட்டு நாள்

எங்கள் ஆட்களில் ஒருவர் ஊருக்குப் போகிறார் என்றால் அது அவர் மட்டும் போகிற பயணம் அல்ல. அந்த ஞாயிற்றுக்கிழமை மொன்றியலில், செயின்ட்-மிஷேல் பக்கம் இருக்கிற எங்கள் வீட்டுக்கு முப்பது பேராவது வந்திருப்பார்கள். ஆளுக்கொரு பார்சல். ஒருவருடைய தாய்க்கு முழங்காலில் பூசுகிற மருந்து, இன்னொருவருடைய மருமகனுக்குச் சப்பாத்து, ஒரு பள்ளிக்கூடத்துக்கே போதுமான சொக்லேட். வேறு நாளென்றால் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்திருக்கும். அன்றைக்கு வரவில்லை. நாங்கள் போவது ஒரு பிள்ளையைக் கூட்டி வர.

திருகோணமலைப் பக்கம் ஒரு சிறுவர் இல்லத்தில் இருந்த நான்கு வயதுப் பெண் பிள்ளை. அவளைத் தத்தெடுக்க மூன்று வருடம் படிவம் படிவமாக நிரப்பியிருந்தோம். எங்கள் மூத்தவளுக்கு ஏழு வயது. தங்கச்சியின் படத்தை அவள்தான் ஃபிரிட்ஜில் ஒட்டினாள். வந்தவர்கள் எல்லோரும் அதற்கு முன்னால் நின்று ஏதாவது சொன்னார்கள். "மூக்கு அப்பிடியே உம்மடை மூக்கு" என்றார் ஒரு மாமி. அது எப்படி என்று நான் கேட்கவில்லை. கீழ்வீட்டு அக்கா மட்டும் பேசாமல் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எங்கள் தபால்பெட்டிச் சாவியை வாங்கிக்கொண்டு இறங்கினார். நாங்கள் திரும்பி வரும்வரை தபாலை எடுத்துவைப்பது அவர் பொறுப்பு. இருந்தது அந்த ஒரு சாவிதான். மற்றதை என் கணவர், தான் வேலை செய்யும் துறைமுகக் களஞ்சியத்தில் எங்கோ தொலைத்திருந்தார்.

திங்கட்கிழமை காலை சூட்கேஸை நிறுத்துக்கொண்டிருந்தபோது இலங்கையிலிருந்து வக்கீல் அழைத்தார். இங்கிருந்து போக வேண்டிய ஒரு சம்மதக் கடிதம் போய்ச் சேரவில்லையாம். அது இல்லாமல் வந்து பிரயோசனம் இல்லை. அடுத்த கிழமை வெள்ளிக்கிழமை நடக்கிற தத்து வழக்குக்கு முன்னால் கடிதம் வந்துவிட்டால் சமாளிக்கலாம் என்றார். உடனே இங்குள்ள தத்தெடுப்பு அலுவலகத்துடன் கதைத்தோம். நாங்கள் இருவரும் நேரில் வந்து கையெழுத்து வைக்க வேண்டும், நாளைக் குறித்துத் தபாலில் அனுப்புகிறோம் என்றார்கள். விமானச்சீட்டைத் தள்ளிப்போட்டோம்.

"சனத்துக்குச் சொல்லுவம். ஒரு கிழமை பிந்துது, அவ்வளவுதானே" என்றார் கணவர்.

"ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். நாங்கள் போயிட்டம் எண்டே இருக்கட்டும்" என்றேன்.

"போயிட்டமெண்டால் எங்கை இருக்கிறது?"

"இஞ்சைதான். கதவைப் பூட்டிக்கொண்டு."

இதைக் கேட்டுச் சிரிப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு வருடத்துக்கு முன் எனக்கு வயிற்றில் ஒரு பிள்ளை தங்கியது. மூன்றாம் மாதமே ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். நான்காம் மாதம் அது இல்லை. அதற்குப் பிறகு வந்தார்கள், ஒவ்வொருவராக, திராட்சைப்பழமும் ஆப்பிளுமாக. "யோசிக்காதையும், எல்லாம் நன்மைக்குத்தான்" என்று என் வயிற்றைப் பார்த்துச் சொன்னார்கள். அந்த முகங்களை இன்னொருமுறை என் வாசலில் பார்க்க எனக்குத் தெம்பு இருக்கவில்லை.

எங்கள் வீடு இரண்டாம் தட்டில், மேல்மாடி. தெருவுக்கு இறங்குகிற இரும்புப்படி வெளியே, கீழ்வீட்டு அக்காவின் ஜன்னலோரமாக வளைந்து போகிறது. கால் வைத்தால் சத்தம் வரும். அக்கா தையல் வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் மட்டும் கணவர் தலையை மூடிக்கொண்டு இறங்கினார். மூலையில் இருக்கிற கடையை விட்டுவிட்டு, பாலும் பாணும் வாங்க மெத்ரோ ரயில் ஏறி ஆற்றுக்கு அந்தப் பக்கம் லவாலுக்குப் போனார். அங்கேயும் கோயிலில் காண்கிற ஒருவரைக் கண்டு மாப் பைகள் அடுக்கியிருந்த வரிசைக்குப் பின்னால் நின்றுவிட்டு, பால் வாங்காமலே வந்தார்.

நாங்கள் திரைச்சீலையை இழுத்து மூடினோம். காலுறையோடு நடந்தோம். நான்காம் நாள் மற்றவர்களின் பார்சலை உடைத்துச் சொக்லேட் சாப்பிட்டோம். மணி அடித்தால் சோபாவுக்குப் பின்னால் படுத்துக்கொள்ள வேண்டும் என்று மூத்தவளுக்குப் பழக்கினேன். முதலில் அவளுக்கு அது விளையாட்டு. பிறகு, "எப்ப ஓடலாம்?" என்று பிரெஞ்சில், காதுக்குள் கேட்கத் தொடங்கினாள். எனக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பூட்டினது நானே, சாவியும் என்னிடமே, ஆனாலும் மூச்சு முட்டியது.

வாட்ஸப்பில் ஒருவர் அங்கே வெயில் எப்படி என்று கேட்டார். ஜன்னலுக்கு வெளியே பனி தூறிக்கொண்டிருந்தது. "சரியான வெக்கை" என்று எழுதினேன். கீழ்வீட்டு அக்கா மட்டும் ஒரு வரியும் அனுப்பவில்லை. போனவுடன் மறந்துவிட்டார் என்று அதற்கும் மனத்துக்குள் கோபப்பட்டேன்.

"கடிதம் வந்ததோ எண்டு அக்காவைக் கேளுமன்" என்று கணவர் தினமும் சொன்னார்.

"கேட்டால் பிள்ளையைக் கண்டாச்சோ, படம் அனுப்பும் எண்டுவா. என்னத்தை அனுப்புறது? கடிதம் வந்தால் அவவே சொல்லுவா."

ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை, பொறுக்க முடியாமல் அலுவலகத்துக்கு அழைத்தேன். கடிதம் போன கிழமையே அனுப்பியாயிற்று என்றாள் அந்தப் பெண். கையெழுத்து வைக்க வேண்டிய நாள் நேற்று. நீங்கள் ஏன் வரவில்லை?

அக்கா வேலையால் வந்ததும் கீழே இறங்கினேன். மெதுவாக நடக்கவில்லை, படி முழுக்கச் சத்தம் போட்டது. அவர் கதவைத் திறந்தார். முகத்தில் ஆச்சரியம் என்று ஒன்று இல்லை. உள்ளே போய் ஒரு பையைக் கொண்டுவந்து தந்தார். விளம்பரத் தாள்களுக்கு நடுவே அந்தக் கடிதம். வியாழக்கிழமையே வந்திருக்கிறது.

"அக்கா, உங்களுக்குத் தெரியுமோ நாங்கள்..."

"மூண்டாம் நாளே தெரியும். குழாயிலை தண்ணி ஓடினால் எனக்குக் கேக்கும்தானே."

"ஏன் ஒரு மெசேஜும் போடேல்லை?"

"போட்டால் நீங்கள் பொய் சொல்ல வேண்டிவரும். வேண்டாமெண்டு விட்டன்." கதவை அகலத் திறந்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை ஓடினால் நான் கேட்டுப்போடுவன் எண்டு பயப்பிடுவியள் எண்டுதான் பின்னேரத்திலை ரீவிச் சத்தத்தைக் கூட்டி வைச்சனான்."

அந்த வாசலில் நின்று அழுதேன். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று இருந்தது. எங்களுக்கு வெட்கம் வரக்கூடாதென்று அவர் ஏறி வரவில்லை. வெட்கப்பட்டு நான் இறங்கி வரவில்லை. பதினெட்டே படி.

அலுவலகத்தில் அந்தக் கிழமைக்குள் வேறு நாள் கிடைக்கவில்லை. வெள்ளிக்கிழமை வழக்கு எங்களுக்கு இல்லாமல் போனது. அடுத்த தவணை இரண்டரை மாதம் கழித்து. வக்கீலுக்குச் சொன்னேன். பிள்ளை இருந்த இல்லத்துக்குச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை. வக்கீல் சொல்லுவார்தானே என்று இருந்துவிட்டேன். அங்கேயும் ஒளித்தேன்.

இரண்டரை மாதத்துக்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் போனோம். இம்முறை பார்சல் வாங்கவில்லை, விடைபெறவும் இல்லை. படியில் இறங்கும்போது அக்கா மட்டும் கை காட்டினார். இல்லத்துப் பொறுப்பாளர் எங்களை அன்பாகத்தான் வரவேற்றார். பிள்ளையை அழைத்துவரச் சொல்லிவிட்டு, குறை சொல்வது போலல்லாமல் சொன்னார்: "அண்டைக்கு வெள்ளிக்கிழமையும் நீங்கள் வாறீங்கள் எண்டு பிள்ளைக்குப் புதுச்சட்டை போட்டு வெளிக்கிடுத்தி வைச்சிருந்தம். எங்களுக்கு ஒருத்தரும் சொல்லயில்லை. மணி அடிச்சால் அம்மா வந்திட்டா எண்டு அர்த்தம், ஓடிவரவேணும் எண்டு சொல்லியிருந்தம். சப்பாத்தும் போட்டுக்கொண்டு பொழுதுபடும் வரைக்கும் வாசலிலை இருந்தவ." கணவர் என்னைப் பார்க்கவில்லை. அதற்கு நான் இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

அவள் வந்தாள். கையைக் கொடு என்றால் கொடுத்தாள், சாப்பிடு என்றால் சாப்பிட்டாள். விமானத்தில் மூத்தவளின் தோளில் சாய்ந்து தூங்கினாள். என்னை மட்டும் எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. அவசரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மொன்றியலுக்கு வந்து இரண்டாவது சனிக்கிழமை. மத்தியானம் சமைத்துக்கொண்டிருந்தேன். திரைச்சீலை எல்லாம் விலக்கி, வீடு முழுக்க வெளிச்சம். மணி அடித்தது. மூத்தவள் பழக்கதோஷத்தில் சோபாவுக்குப் பின்னால் பாய்ந்தாள். தங்கச்சியின் கையையும் பிடித்து இழுத்தாள். சின்னவள் கையை விடுவித்துக்கொண்டாள். நேரே வாசலுக்குப் போய், இல்லத்திலிருந்து போட்டுவந்த சப்பாத்தை எடுத்து, கால் மாறி மாட்டிக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றாள். அடுப்பை அணைத்துவிட்டுப் போய்க் கதவைத் திறந்தேன். கீழ்வீட்டு அக்கா, ஒரு சட்டியில் புட்டோடு.

"எங்கை பிள்ளை, வெளிக்கிட்டு நிக்கிறீர்?" என்று குனிந்து கேட்டார்.

"மணி அடிச்சால் அம்மா வருவா" என்றாள் சின்னவள்.

நான் அவளுக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.