வாரத்துக் கோழிகள்

எங்கள் ஒழுங்கையில், இந்தச் சின்னத் தெருவில், யாரிடமாவது ஹாஜரா ராத்தாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். கஞ்சப் பிசினாறி என்பார்கள், வாய்க்காரி என்பார்கள், பள்ளிவாசல் நிர்வாகத்தையே வேலிப் படலைக்கு வெளியே நிறுத்திப் பேசியவள் என்பார்கள். பிந்திய இரண்டும் உண்மை. முதலாவதைச் சொல்கிறவர்கள் எல்லாரும் அவர் வீட்டு முட்டையைத் தின்றவர்கள். பக்கத்து வீட்டு வளவில் இருந்து நடந்ததையெல்லாம் பார்த்தவள் நான். கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது, அதனால் எழுதுகிறேன்.

தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு இந்த ஊருக்கு வந்த முஸ்லிம்களில் அவரும் ஒருவர். புறப்படும்போது கோழிக்கூட்டைத் திறந்து விட்டுவிட்டு, பிள்ளைகளை மட்டும் இழுத்துக்கொண்டு வந்தாராம். போர் முடிந்த பிறகு பலர் ஊருக்குத் திரும்பினார்கள். ராத்தாவும் ஒருமுறை போய்ப் பார்த்தார். காணி காடாகிக் கிடந்தது. "இனி ஒண்டையும் விட்டுட்டு எழும்ப மாட்டன்" என்று சொல்லி இங்கேயே இருந்துவிட்டார். கணவர் மௌத்தாகி, விதவையானார். எத்தாளைப் பக்கம் வெங்காயத் தோட்டத்தில் கூலி வேலை செய்து வயிற்றைக் கழுவினார். கடைசி மகள் நிஃப்லாவின் படிப்பை இழுத்துக்கொண்டு போனவை கோழிகள்தான்.

அந்தக் கோழிகளிலும் பாதி, முன் வீட்டு றஹ்மத் உம்மா வாரத்துக்கு விட்டவை. தாய்க்கோழி கொடுத்தவருக்குச் சொந்தம், வளர்ப்பது வாங்கியவர், பொரிக்கிற குஞ்சில் ஆளுக்குப் பாதி. எங்கள் ஒழுங்கை முழுக்க இப்படித்தான். யாருடைய கோழி யாருடைய வளவில் மேய்கிறது என்று வெளியாருக்குச் சொல்லி விளங்கவைக்க முடியாது.

ஒரு வருட மாரிக்காலத்தில் றஹ்மத் உம்மா ஒரு செஞ்சேவல் வாங்கினார். விற்றவன் மக்பூல். மோட்டார் சைக்கிளின் பின்னால் கம்பிக்கூடு கட்டி ஊர் ஊராகக் கோழி வாங்கி விற்கிறவன். சேவல் வந்த மறுநாளே தும்மியது. பிறகு ஒவ்வொரு கூடாகத் தும்மத் தொடங்கியது. கண் வீங்கி நுரை தள்ளியது, மூக்கு ஒழுகியது. கழுத்தை நீட்டி வாயைத் திறந்து கோழிகள் கர் கர் என்று மூச்சு வாங்கிய சத்தம் என் அடுப்படி வரை கேட்டது.

எங்கள் ஆட்களுக்கு இதற்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். செத்தால் ஹராம், ஆகவே சாகுமுன் அறுத்துவிட வேண்டும். அறுத்ததைத் தனியே தின்னலாமா? பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை கறி போகத்தானே வேண்டும்! அந்தக் கிழமை தின்ற அளவுக்குப் பெருநாளிலும் நாங்கள் கோழிக்கறி தின்றதில்லை. இறகையும் குடலையும் ஒழுங்கை முனையில் கொட்டினார்கள். மிஞ்சியிருந்த கோழிகள் ஓடிப்போய்க் கிளறியது அந்தக் குவியலைத்தான். அறுக்காதவற்றை மக்பூல் அரை விலைக்கு ஏற்றிக்கொண்டு போய் அடுத்த ஊரில் சுகமான கோழி என்று விற்றான்.

ஹாஜரா ராத்தாவின் கோழிகளும் தும்மின. அவர் கத்தியை எடுக்கவில்லை, பஸ் ஏறி மிருக வைத்தியரிடம் போனார். வைத்தியர் ஒரு சிங்களப் பெண். தெரிந்த சிங்களத்தில் ராத்தா சொல்ல, அவரும் பொறுமையாகக் கேட்டு மருந்து கொடுத்தார். தண்ணீரில் கலந்து கொடு, வருத்தம் பிடித்த கோழியைப் பிரித்து வை, கூட்டை ஈரமில்லாமல் வை, நோய் அடங்கும் வரை ஒரு கோழியும் உள்ளே வரவும் வேண்டாம், வெளியே போகவும் வேண்டாம் என்றார். வந்ததும் ராத்தா படலையைக் கம்பி சுற்றிக் கட்டினார்.

அடுத்த நாளே றஹ்மத் உம்மா மக்பூலையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

"என்ட கோழியள பிடிச்சுத் தா புள்ள. சாக முதல் குடுத்துருவம்."

"உங்கட கோழிதான் மாமி, இல்லெண்டு சொல்லயில்ல. ஆனா ஒண்டும் படலை தாண்டாது."

"செத்தா ஹராம் ராத்தா" என்றான் மக்பூல்.

"செத்தா நான் புதைப்பன். உன்ட கூட்டுல ஏத்தி நோயை ஊர்வலம் விடமாட்டன். சைக்கிளத் திருப்பு!"

றஹ்மத் உம்மா பள்ளிவாசலில் முறையிட்டார். நிர்வாகத்திலிருந்து சரீப் ஹாஜியார் வந்து, அடுத்தவர் சொத்தைத் தடுத்து வைக்கலாமா என்று கேட்டார். ராத்தா அவருக்கும் படலையைத் திறக்கவில்லை. "சுகமாத் தந்த கோழி ஹாஜியார். சுகமாத்தான் திருப்பிக் குடுப்பன். வருத்தத்தோட குடுத்தா அதுதான் மோசடி" என்றார். ஹாஜியார் தாடியைத் தடவிக்கொண்டு திரும்பிப் போனார்.

பிறகு அந்த வளவில் நடந்தது மல்லுக்கட்டுத்தான். தோட்ட வேலையால் வந்த கையோடு ஒவ்வொரு கோழியாக மடியில் வைத்து, உப்புத் தண்ணீரால் கண் துடைத்து, வாயைப் பிளந்து மருந்து விட்டார். செத்தவற்றைச் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதைத்தார். ஒவ்வொரு முறை மண்வெட்டிச் சத்தம் கேட்கும்போதும் றஹ்மத் உம்மா தன் வாசலில் நின்று ஏசினார். ராத்தா திரும்பியும் பார்க்கவில்லை. கடைசியில் பெரும்பாலானவை பிழைத்துக்கொண்டன. ஒருநாள் விடியற்காலை அவருடைய சேவல் கூவியது. அந்த நேரம் ஒழுங்கையிலேயே வேறு சேவல் இல்லை. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று நான் கை தட்டினேன்.

அதன் பிறகு எல்லாருக்கும் தேன் ஒழுகும் வாய். றஹ்மத் உம்மா வட்டிலப்பம் செய்து கொண்டுவந்தார். "மகள், என்ட பங்க எப்ப தாறாய்?" மற்றவர்கள் அடை வைக்க முட்டை கேட்டார்கள். ராத்தாவின் நடையே மாறிவிட்டது. யாருக்கு எந்தக் கோழி என்று பங்கு பிரித்துப் பார்த்தார். இருந்தாலும் வைத்தியரை ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கொடுப்போம் என்று மறுபடி பஸ் ஏறினார்.

திரும்பி வந்து என் அடுப்படியில் உட்கார்ந்து அழுதார். பிழைத்த கோழி சுகமாகத்தான் தெரியும், நோய் உள்ளே இருக்கும், கூடச் சேர்கிற கோழிக்கும் தொற்றும், முட்டை வழியாகக் குஞ்சுக்கும் போகும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். இறைச்சியையும் முட்டையையும் சமைத்துத் தின்னலாம். உயிரோடு ஒன்றும் கொடுக்கக் கூடாது, அடைக்கு முட்டையும் கூடாது. இவை முடிந்த பிறகு கூட்டைக் கழுவிப் புதுக்குஞ்சு வாங்க வேண்டும்.

"இதுக்கா நான் இவ்வளவு பாடுபட்டன்?" என்று கேட்டார். அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய்ப் படலையில் நின்றார்.

"திங்க முட்டை கேளுங்க, தாறன். அடைக்கு இல்ல. மாமி, உங்கட பங்க அறுத்துத் தாறன், உயிரோட இல்ல."

காரணத்தையும் சொன்னார். யார் நம்பினார்கள்? கோழி துள்ளித் திரிகிறது, இவள் நோய் என்கிறாள்! ஒழுங்கையில் தன்னிடம் மட்டும் கோழி இருக்கவேண்டும் என்ற பேராசை என்றார்கள். கஞ்சப் பிசினாறி என்ற பெயர் அன்றைக்கு விழுந்ததுதான். எனக்கு அவர்களுடைய கழுத்தைப் பிடித்து உலுப்ப வேண்டும் போல இருந்தது.

சில நாள் கழித்து றஹ்மத் உம்மா, பேரப்பிள்ளைகளுக்குப் பொரித்துக் கொடுக்க என்று ஒரு பை முட்டை கேட்டார். ராத்தா உள்ளே போய்க் கொஞ்ச நேரம் சுணங்கித்தான் வந்தார். முட்டையைக் கொடுத்தார். றஹ்மத் உம்மா அதைப் பொரிக்கவில்லை. குறிஞ்சிப்பிட்டியில் நோய் எட்டிப் பார்க்காத வளவு ஒன்றில் தங்கச்சியிடம் அடைக்கோழி இருந்தது. முட்டையை அங்கே கொண்டுபோய் வைத்துவிட்டார்.

குஞ்சு பொரிக்க வேண்டிய நாள் வந்தது, போனது. ஒருநாள் பின்னேரம் றஹ்மத் உம்மா உடைந்த முட்டை ஒன்றோடு ஒழுங்கை நடுவில் நின்று கத்தினார்.

"பாருங்க புள்ளையள்! அவிச்ச முட்டையத் தந்து என்னை ஏமாத்தியிருக்கிறா! என்ட தங்கச்சிட கோழி தீன் இல்லாம வீணா அடை கிடந்திச்சு. இவவுக்கு அல்லாட பயம் இல்லையா?"

எல்லாரும் வாசலுக்கு வந்தார்கள். சிலர் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஹாஜரா ராத்தா சிரிக்கவில்லை. படலைக்கு வந்து இரண்டு கையையும் அதன் மேல் வைத்தார்.

"திங்கத்தானே மாமி கேட்டீங்க?"

றஹ்மத் உம்மா முட்டையைத் தூக்கிக் காட்டினார். "என்ட முகத்துல கரி பூசிட்டாய்!"

"ஓம், பூசினதுதான். உங்கட தங்கச்சிட கோழி தும்முதா?"

றஹ்மத் உம்மா கையிலிருந்த முட்டையைப் பார்த்தார்.

"கேக்கிறன் மாமி. குறிஞ்சிப்பிட்டியில அந்த வளவுல ஒரு கோழியாச்சும் தும்முதா?"

"இல்ல" என்றார் றஹ்மத் உம்மா.

"அப்ப நல்லா ஏசுங்க. விடியும் மட்டும் ஏசுங்க. நான் இங்கதான் நிப்பன்."

றஹ்மத் உம்மா ஏசவில்லை. நாறிய முட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் பிடித்தபடி நின்றார்.