வெள்ளைக் கொடியை மறைத்த பனி

சில வருஷங்களுக்கு முன்னால், ஒரு டிசம்பர் மாதம், மஸ்கெலியாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்தது இது. நத்தார் என்கிற கிறிஸ்துமஸ் நேரத்தில் எங்கள் சபையிலிருந்து தோட்டம் தோட்டமாகப் போவோம். தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்கு ஒவ்வொன்றாகப் போய்க் கரோல் பாடுவோம், பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுப்போம், கேட்க விரும்புகிறவர்களுக்கு இயேசுவைப் பற்றிச் சொல்வோம்.

நான் தையல்காரி. அந்த வருஷம் நத்தார் தாத்தா வேஷம் என் வீட்டுக்காரருக்கு. சிவப்பு அங்கியின் ஜிப், புறப்படும் நேரம் பார்த்துப் பிய்ந்து தொலைந்தது. அவரைத் திருப்பி நிற்க வைத்து, போட்டிருந்தபடியே முதுகில் கெட்டியாகத் தைத்துவிட்டேன். "வந்து பிரிச்சு விடுறேன். அதுவரைக்கும் தாத்தாவாவே இருங்க" என்று கேலி வேறு.

பக்கத்துத் தோட்டத்தில் தங்கியிருந்ததால் குறுக்குப் பாதையில் தேயிலைக்குள் இறங்கி நடந்தோம். பனி என்றால் அப்படியொரு பனி. முன்னால் போகிறவரின் முதுகு தெரியவில்லை. தேயிலைச் செடிகள் பாதி கரைந்து நின்றன. நடக்கிறோமா மிதக்கிறோமா என்றே புரியவில்லை. நாங்கள் பேசுவதுகூட யாரோ தூரத்தில் பேசுவது மாதிரிக் கேட்டது. லயத்தின் தகரக் கூரை மங்கலாகத் தெரிந்ததும், எங்கள் ஆள் ஒருவர் டிரம்மை அடிக்க, கைதட்டிப் பாட ஆரம்பித்தோம்.

இரண்டு வரி பாடியிருப்போம். பனி கொஞ்சம் விலகியது. லயத்து வாசலெங்கும் வெள்ளைக் கொடி. எங்கள் பக்கத்தில் சாவு விழுந்தால் கட்டுகிற கொடி. வெள்ளைப் பனிக்குள் அதை யார் கண்டது? பாட்டு அப்படியே நின்றுவிட்டது. எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போயிற்று.

உள்ளேயிருந்து ஒரு பெண் தலைவிரி கோலமாக வந்தார். இறந்துபோன அம்மாவின் மகள். என் வயதுதான் இருக்கும். வாய்க்கு வந்தபடி ஏசப்போகிறார் என்று நின்றேன். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, "எத்தன ஆம்பளைங்க வந்திருக்கீங்க?" என்று கேட்டார்.

கீழே மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. கொழும்பில் வேலை செய்கிற லயத்து ஆண்கள் யாரும் வந்து சேரவில்லை. மேளக்காரர்களும் வரவில்லை. இருந்தவர்கள் எல்லாம் தள்ளாத வயதுக்காரர்கள். "பெரியவங்கதான் பாடுபட்டு குழி வெட்டுனாங்க. அதுல தண்ணி ஊறிக்கிட்டே இருக்குங்க. இன்னும் நேரமானா எங்கம்மாவ தண்ணிக்குள்ளதான் வைக்கணும். தூக்க ஆளில்ல."

உள்ளே கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. அவர்கள் முறை வேறு, எங்கள் முறை வேறு. எல்லோரும் கூட வந்த பாஸ்டரின் முகத்தைப் பார்த்தோம். அவர் வேதாகமத்தை என் கையில் கொடுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார். அவ்வளவுதான், எங்கள் ஆண்கள் எல்லோரும் முன்னால் போனார்கள்.

என் வீட்டுக்காரர் பஞ்சுத் தாடியைப் பிய்த்தெறிந்தார். அங்கி மட்டும் வர மாட்டேன் என்றது. கத்தரிக்கோலைத் தங்கிய இடத்தில் விட்டு வந்திருந்தேன். இழுத்துப் பார்த்தேன். என் தையல் எனக்கே சதி செய்தது. சாவு வீட்டில் இப்படியொரு கோலமா என்று அழுகை வந்துவிட்டது. அந்த மகள்தான் என் கையைப் பிடித்தார். "விடுங்க அக்கா, பரவால்ல. அம்மாவுக்கு செவப்புன்னா ஆசை."

பெண்கள் நாங்கள் லயத்து முனையோடு நின்றோம். பாடை பனிக்குள் ஏறிப் போயிற்று. மனிதர்கள் மறைந்தார்கள், வெள்ளைத் துணி மறைந்தது. கடைசியாக அந்தச் சிவப்பு மட்டும் தனியே மலையில் மிதந்து போனது. பிறகு அதுவும் இல்லை. மேளத்துக்குப் பதிலாகக் கூடப் போன எங்கள் கரோல் டிரம் மட்டும் மெதுவாகக் கேட்டது. மகள் கண்ணை மூடிக்கொண்டார். "இப்ப கோயில்கிட்ட திரும்புறாங்க... இப்ப பாலம்..." என்று சத்தத்தை வைத்தே அம்மாவோடு கூடவே போனார். என் பையில் கொடுக்கக் கொண்டுவந்த சுவிசேஷக் கைப்பிரதிகள் இருந்தன. எடுக்கத் தோன்றவில்லை.

தொடைவரை சேற்றோடு என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். குழிக்குள் இறங்கித் தண்ணீரை வாளியால் இறைத்துக் கொட்டியிருக்கிறார். "காஞ்ச மண்ணுலதான் வச்சோம் தங்கச்சி" என்றார் அந்த மகளிடம். அதுவரை அழாதவர் அப்போதுதான் அழுதார்.

அடுத்த வருஷம் அந்த லயத்துக்குப் போகலாமா என்று தயங்கித் தயங்கித்தான் போனோம். நல்ல வெயில். பிள்ளைகள் "நத்தார் தாத்தா" என்று ஓடி வந்தார்கள். அந்த மகளும் வாசலில் நின்றிருந்தார். "தாத்தா இல்லடா. எங்கம்மாவுக்குத் தோள் குடுத்தவரு. என் அண்ணன்" என்றார்.

இன்றுவரை அந்த மகள் எங்கள் சபைக்கு வந்ததில்லை. தீபாவளிக்கு அவரிடமிருந்து முறுக்கு மட்டும் தவறாமல் வரும். சபையில் நாங்கள் வாய்க்கு வாய் பிரதர், சிஸ்டர் என்று கூப்பிட்டுக்கொள்வோம். நான் ஒருவரை அப்படிக் கூப்பிடும்போதெல்லாம், இவருக்கு நான் எதைத் தூக்கியிருக்கிறேன் என்று மனம் ஒரு நிமிஷம் நின்று கேட்கிறது.