கிங்ஸ்லிக்கு மூன்றாவது ஓலை

சங்கரன்கோவில் சேலைகளை ஊர் ஊருக்கு ஆன்லைனில் விற்கும் கிங்ஸ்லிக்கு வயது இருபத்தாறு. கையில் இரண்டு செல்போன்கள்; இரண்டிலும் பேச மாட்டான். அழைப்பு வந்தால் போனைக் கவிழ்த்து வைத்து, தரையில் பாம்பு போவது போல இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிக்கொள்வான். சத்தம் ஓய்ந்ததும் 'சொல்லுங்க மேடம்' என்று தட்டி, பக்கத்தில் ஒரு கைகூப்பு வைப்பான். வியாபாரம் நன்றாகவே நடக்கிறது. இந்தத் தலைமுறை உருப்படாது என்கிறவர்களும் அவனிடம்தான் சேலை வாங்குகிறார்கள்.

"ஏலே, அடிச்சிக்கிட்டே கெடக்குலா. எடேம்ல! வாயில என்ன கொழுக்கட்டையா?" என்பாள் அம்மா மார்த்தாள்.

"மெசேஜ் போடுவாங்கம்மா."

"ஆரும் செத்துப்போனாலும் மெசேஜ்தானா?"

"அதுக்கு ஸ்டேட்டஸ் இருக்கு."

இவனுக்கு வாசுதேவநல்லூரில் பெண் அமைந்தது. பெயர் எஸ்லின்; லேப் டெக்னீசியன். நிச்சயம் ஆன நாளிலிருந்து வாட்ஸ்அப்பில் அன்பைக் கொட்டினான். அக்கறை, கிண்டல், பைபிள் வசனம் எல்லாம் அளவாக இருந்தன. அளவாக இருந்ததுதான் வினை. 'இதெல்லாம் நீங்க எழுதுதீங்களா, ஏஐ எழுதுதா?' என்று ஒருநாள் கேட்டாள். கிங்ஸ்லி அந்தக் கேள்வியையும் ஏஐயிடமே கொடுத்து, வந்த பதிலை அப்படியே அனுப்பினான். 'உங்கள் உணர்வு முற்றிலும் நியாயமானது' என்று அது தொடங்கியது.

உடனே அழைத்தாள். கவிழ்த்து வைத்தான். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குரல்பதிவு வந்தது.

"நான் கட்டப்போறது ஒங்களையா, ஒங்க போனையான்னு தெரியணும். மூணாவது ஓலைக்குள்ள என்கிட்ட போன்ல பேசுங்க. இல்லன்னா கோயில்ல நானே எழும்பி ஆட்சேபனை சொல்லுவேன். வெளையாட்டுக்குச் சொல்லுதேன்னு நெனைக்காதீங்க."

கல்யாணத்துக்கு முந்திய மூன்று ஞாயிறுகளில் மணமக்கள் பெயரைச் சபையில் வாசித்து, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று போதகர் கேட்பதுதான் ஓலை வாசிப்பு. யாரும் எழும்புவதில்லை. பிரியாணிக்குச் சொல்லியான பிறகு எவன் எழும்புவான்? ஆனால் எஸ்லின் எழும்பக்கூடியவள். இரண்டு ஓலை ஏற்கெனவே முடிந்திருந்தது.

அந்த வாரம் கிங்ஸ்லிக்கு இருப்புக் கொள்ளவில்லை. எண்ணை அழுத்துவான், மணி அடிக்கும் முன் துண்டிப்பான். பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தான். நண்பன் சாம்சன் பிடித்து நிறுத்தினான்.

"பேச வேண்டியதுதான வே? அவ என்ன போலீஸா?"

"என்னத்தப் பேச?"

"சாப்ட்டியான்னு கேளு."

"சாப்ட்டேன்னு சொல்லுவா. அதுக்கப்புறம்?"

சாம்சன் யோசித்தான். அவனுக்கும் இருபத்தாறுதான்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தும் கிங்ஸ்லி பேசவில்லை. வாசுதேவநல்லூருக்குப் பஸ் ஏறி, அவள் கோயிலின் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தான். போதகர் இருவர் பெயரையும் வாசித்து, ஆட்சேபனை உண்டா என்று நிமிர்ந்தார். முன்வரிசையில் எஸ்லினின் கை பெஞ்சைப் பற்றியது. அவ்வளவுதான், கிங்ஸ்லி எழுந்துவிட்டான். சபை மொத்தமும் திரும்பியது.

"என்ன தம்பி, ஆட்சேபனையா?"

"எனக்கு ஆட்சேபனை இல்ல ஐயா!"

"இல்லாதவங்க எதுக்கு எழும்புதீங்க? நீங்க ஆரு?"

"நான்தான் மாப்பிள்ளை."

போதகர் சிரிப்பை அங்கிக்குள் அடக்கிக்கொண்டு பாட்டு எண் சொன்னார்.

ஆராதனை முடிந்ததும் வாசலில் எஸ்லின் வந்து நின்றாள்.

"போன்லதான பேசச் சொன்னேன்?"

"போன் போட பயமா இருந்துது."

"இத்தன பேர் முன்னால பயமில்லையோ?"

"யோசிக்க நேரமில்ல."

"அப்ப இப்பவும் யோசிக்காமப் பேசுங்க."

அவன் கை தானாகப் பைக்குள் போனது. அவள் உள்ளங்கையை நீட்டினாள். இரண்டு போன்களையும் கொடுத்தான். கைகளை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"பசிக்குது," என்றான்.

எஸ்லின் அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். "வீட்டுக்கு வாங்க, இட்லி இருக்கு. அப்பா ஆயிரம் கேள்வி கேப்பாங்க. நீங்கதான் பதில் சொல்லணும்."

போன்களைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தாள்.